பாக்சிங் டே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆனால் போதும், எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அதனால் டிசம்பர் 26-ஐப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் தலையில்தான் வந்து விழுகிறது. விடியற்காலையில் கிரிக்கெட் பார்க்கும் அக்காள் மகன், மகள் வீட்டுக்கு லண்டன் வழியாகப் போகும் பெரியப்பா, பொது அறிவு வினாக்கள் தயாரிக்கும் பள்ளி ஆசிரியை என்று கேட்பவர்கள் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அவரவர் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். அடுத்த மார்கழியில் இதையே படிக்கச் சொல்லிவிடலாம் என்ற சோம்பலும் ஒரு காரணம்.

பாக்சிங் டே என்றால் குத்துச்சண்டை நாள்தானே? அன்றைக்கு எங்கே சண்டை நடக்கும்?

எங்கும் நடக்காது. ஆங்கிலத்தில் ‘பாக்ஸ்’ என்றால் பெட்டி. ‘பாக்ஸ்’ என்றால் குத்து. இரண்டுக்கும் எழுத்து ஒன்று, பொருள் வேறு. நம் ஊரில் ‘ஆறு’ என்று சொன்னால் தாமிரபரணியா, ஐந்துக்கு அடுத்த எண்ணா என்று இடத்தைப் பார்த்துத்தானே புரிந்துகொள்கிறோம். இங்கே பொருள் பெட்டி. கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26, பெட்டியால் பெயர் பெற்ற நாள்.

என்ன பெட்டி? பரிசுப் பொருள் வைத்துக் கட்டிய பெட்டியா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரித்த பிறகு மிஞ்சும் காலி அட்டைப் பெட்டிகளை வெளியே போடும் நாள் என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். பழைய ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ அட்டைப் பெட்டியே கிடையாது. அது மண்ணால் செய்த உண்டியல்.

திருவிழாக் கடையில் வாங்கித் தருவார்களே, மேலே ஒரு கீறல் மட்டும் இருக்கும், காசு போடலாம், உடைக்காமல் எடுக்க முடியாது, அந்த உண்டியலேதான். லண்டனில் பழைய கட்டடங்களின் அடியில் தோண்டியபோது, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய மண் உண்டியல்கள் கிடைத்திருக்கின்றன. கைக்குள் அடங்கும் உருண்டை வடிவம், மேலே பச்சை மெருகு, பக்கவாட்டில் ஒரு கீறல். பெரும்பாலானவை உடைந்த துண்டுகளாகத்தான் கிடைக்கின்றன. உண்டியல் என்றால் உடைந்துதானே ஆக வேண்டும்.

தொழில் பழகும் பையன்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளியின் வாடிக்கையாளர்களிடம் போவார்கள். ஆளுக்கு ஒரு காசு போடுவார்கள். நிறைந்ததும் உடைத்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். நாளடைவில் உண்டியல் மறைந்து, அதில் போட்ட காசுக்கே ‘பாக்ஸ்’ என்ற பெயர் நின்றுவிட்டது.

இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா, அல்லது வழிவழியாகச் சொல்லும் கதையா?

உண்டியல் பழக்கத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி லண்டனில் இருந்துகொண்டு பத்து ஆண்டுக்காலம் நாட்குறிப்பு எழுதினார். நம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல, அன்றாடக் கணக்குவழக்கு முதல் அரசியல் வரை விடாமல் எழுதும் கை. 1663 டிசம்பர் 19 அன்று செருப்புத் தைப்பவரின் கடைக்குப் போய்ப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, கடைப் பையன்களின் கிறிஸ்துமஸ் உண்டியலிலும் ஏதோ போட்டதாக அவர் குறித்திருக்கிறார்.

அடுத்த சாட்சி கொஞ்சம் சிடுசிடுப்பானவர். கலிவரின் பயணங்களை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட், 1710 டிசம்பர் 26 அன்று ஒரு கடிதத்தில், இந்தக் கிறிஸ்துமஸ் பாக்ஸ் கொடுத்தே தான் ஓட்டாண்டியாகிவிடப் போவதாகப் புலம்புகிறார். காப்பிக்கடை ஆட்கள் தங்கள் ‘வரி’யை உயர்த்திவிட்டார்களாம். மற்றவர்கள் கொடுக்கும்போது தான் மட்டும் கொடுக்காமல் இருக்க வெட்கமாக இருந்ததால் கொடுத்தாராம். எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்களா என்று ஆசிரியை கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

தேவாலய உண்டியலைத் திறந்து ஏழைகளுக்குக் கொடுக்கும் நாள் என்று படித்தேனே. அது பொய்யா?

பொய் என்று தள்ள மாட்டேன். கிறிஸ்துமஸ் காலத்தில் காணிக்கைப் பெட்டி வைப்பதும், சேர்ந்ததை ஏழைகளுக்குப் பங்கிடுவதும் திருச்சபைக்குப் பழக்கமான காரியங்கள்தான். ஆனால் ‘பாக்சிங் டே’ என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. பெயரை நேராகத் தொட்டுக் காட்டுவது கடைப் பையன்களின் உண்டியல்தான் என்பது என் கணிப்பு.

புனித ஸ்தேவான் திருநாளான டிசம்பர் 26 அன்று ஓர் அரசர் பனியில் நடந்து போய் ஏழைக்கு உணவும் விறகும் கொடுத்ததாகப் பாடும் கிறிஸ்துமஸ் பாடலைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த அரசர் 10-ஆம் நூற்றாண்டில் பொஹிமியாவை ஆண்ட வென்செஸ்லாஸ். பாடலோ 1853-இல் ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் எழுதியது. இடையில் தொள்ளாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. அதை வைத்து வரலாறு பேச முடியாது.

பெரிய வீடுகளில் வேலைக்காரர்களுக்கு லீவு கொடுத்த நாள் என்றும் சொல்கிறார்களே?

அது உண்மை. மேலே சொன்ன உண்டியலோடு பின்னாளில் வந்து சேர்ந்துகொண்ட பழக்கம். கிறிஸ்துமஸ் அன்று எசமான் வீட்டில் விருந்து. விருந்து என்றால் சமையல்காரிக்கும், அடுப்பு மூட்டும் பெண்ணுக்கும், குதிரைக்காரனுக்கும் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை வேலை. ஊரே கொண்டாடும் நாளில் அவர்களால் சொந்த வீட்டில் இருக்க முடியாது. ஆகவே அவர்களுடைய கிறிஸ்துமஸ் 26-ஆம் தேதிதான். அன்று காலையில் கொஞ்சம் பணம், ஒரு துணி, விருந்தில் மிஞ்சிய இறைச்சி எல்லாம் கட்டிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்குப் புறப்படுவார்கள்.

விக்டோரியா காலத்தில் இந்தப் பட்டியல் நீண்டுவிட்டது. தபால்காரர், தெருவிளக்கு ஏற்றுபவர், குப்பை அள்ளுபவர், பால்காரர் என்று ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டினார்கள்.

அப்படியானால் இது நம் தீபாவளி இனாம்தானே?

அதேதான்! இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தயங்காமல் தலையாட்டுவேன். “சார், தீபாவளி…” என்று சொல்லிவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் நிற்கும் தபால்காரரையும் காவலாளியையும் அறிந்த யாருக்கும் 300 ஆண்டுகளுக்கு முந்தைய லண்டன் வாசற்படி அந்நியமாகத் தோன்றாது. ஸ்விஃப்டின் புலம்பலும் நம் வீட்டுத் திண்ணையில் கேட்டதுதான்.

மாட்டுப் பொங்கலோடு ஒப்பிட முடியுமா என்று ஒருவர் கேட்டார். பண்டிகையின் மறுநாள் என்பது மட்டும்தான் ஒற்றுமை. மாட்டுப் பொங்கலுக்குத் தனியாக வழிபாடு உண்டு, சடங்கு உண்டு. பாக்சிங் டேக்கு அப்படி எதுவும் இல்லை.

லெஸ்டரில் நான் இருந்த தெருவில் கிறிஸ்துமஸ் வாரம் ஒரு காட்சி பார்ப்பேன். பக்கத்து வீட்டு மூதாட்டி, குப்பை எடுக்கும் நாளுக்கு முந்திய இரவு ஓர் உறையில் ஐந்து பவுண்டு நோட்டை வைத்து, குப்பைத் தொட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுநாடாவால் ஒட்டி வைப்பார். வெளியே ஒட்டினால் வேறு யாரேனும் எடுத்துவிடுவார்கள். உள்ளே ஒட்டினால் மூடியைத் திறப்பவருக்கு மட்டும்தான் தெரியும். கீறல் விட்ட மண் உண்டியலுக்கு வாரிசு அந்தத் தொட்டிதான் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

புனித ஸ்தேவானுக்கும் இந்த நாளுக்கும் என்ன தொடர்பு?

மேற்கத்தியத் திருச்சபையில் டிசம்பர் 26 அவருடைய திருநாள். பாக்சிங் டே என்ற பெயருக்குப் பல நூற்றாண்டு மூத்தது அது. கிறிஸ்துவுக்காக முதலில் உயிர் கொடுத்தவர் அவர். எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் ஏழாம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில், விதவைகளுக்கு அன்றாட உணவு சரியாகப் பங்கிடப்படுகிறதா என்று பார்க்க ஏழு பேரை நியமிக்கிறார்கள். அவர்களில் முதல் பெயர் ஸ்தேவான். ஏழைகளுக்குக் கொடுக்கும் நாளாக இது ஏன் பொருந்திப்போயிற்று என்பதற்கு இந்தச் செய்தி கொஞ்சம் விளக்கம் தருகிறது.

நம் கத்தோலிக்கர்கள் இவரை ‘முடியப்பர்’ என்றும் அழைப்பார்கள். கிரேக்கத்தில் ‘ஸ்டெஃபனோஸ்’ என்றால் முடி, அதாவது மகுடம். முடியப்பன் என்று பெயர் வைத்த தாத்தா இருந்தால், டிசம்பர் 26-இல்தான் அவருக்குப் பெயர்த் திருநாள்.

அரசு விடுமுறையாக ஆனது எப்போது? ராணியார் அறிவித்தாரா?

1871-இல் நாடாளுமன்றம் இயற்றிய வங்கி விடுமுறைச் சட்டத்தால். கொண்டுவந்தவர் சர் ஜான் லப்பக். வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். சார்லஸ் டார்வினின் அண்டை வீட்டுக்காரர், எறும்புகளையும் தேனீக்களையும் ஆராய்ந்து புத்தகம் எழுதியவர் என்பது உபரிச் செய்தி. எறும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு மனிதர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்!

இங்கிலாந்து வங்கி ஒரு காலத்தில் புனிதர்களின் திருநாள்களையெல்லாம் கணக்கிட்டு ஆண்டுக்குச் சுமார் 33 நாள் மூடிக்கிடந்தது. 1834-இல் அது வெறும் நான்காகச் சுருங்கியது. லப்பக்கின் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகியவற்றுக்கு நான்கு நாள்களைக் கூடுதலாகத் தந்தது. ஈஸ்டர் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்டு முதல் திங்கள், டிசம்பர் 26. மக்கள் மகிழ்ந்துபோய், ஆகஸ்டு விடுமுறைக்குப் ‘புனித லப்பக் நாள்’ என்றே கேலியாகப் பெயர் வைத்தார்கள். பிரிட்டனில் பொது விடுமுறைக்கு ‘பேங்க் ஹாலிடே’ என்ற பெயர் இன்றும் நிற்பது இதனால்தான்.

ஸ்காட்லாந்தில் அன்றைக்கு விடுமுறை இல்லையாமே?

இப்போது உண்டு; 1974-இல்தான் வந்தது. ஸ்காட்லாந்துத் திருச்சபைக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே பிடிக்காமல் இருந்தது. அங்கே 1958 வரை கிறிஸ்துமஸ் நாளே பொது விடுமுறையாக இருக்கவில்லை. அவர்களுக்குப் பெரிய பண்டிகை புத்தாண்டு. இன்றும் ஜனவரி 2 அங்கே கூடுதல் விடுமுறை.

அயர்லாந்தில் குருவியைக் கொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

முன்பு உண்மை. அங்கே பாக்சிங் டே என்று சொல்ல மாட்டார்கள். ஸ்தேவான் நாள் என்பார்கள். ‘ரென் நாள்’ என்றும் ஒரு பெயர் உண்டு. ரென் என்பது உள்ளங்கையில் அடங்கும் பழுப்புக் குருவி. ஒளிந்திருந்த ஸ்தேவானைக் கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்தது இதுதான் என்று ஒரு கதை. அதற்குத் தண்டனையாக, பையன்கள் அதை வேட்டையாடிக் கழியில் கட்டி, வீடு வீடாகப் பாடிப் போய்க் காசு வாங்குவார்கள். மறுபடியும் காசு! இப்போது பொம்மைக் குருவிதான். கெர்ரி மாவட்டத்து டிங்கிள் ஊரில் வைக்கோல் உடை அணிந்து, முகமூடி போட்டு, முரசு அடித்துக்கொண்டு இன்றும் ஊர்வலம் போகிறார்கள்.

வேறு எந்த நாடுகளில் விடுமுறை? அமெரிக்காவில் உண்டா?

அமெரிக்காவில் தேசிய விடுமுறை இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங் போன்ற இடங்களில் உண்டு. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நம்மவர்கள் பெருவாரியாக வாழும் ஒன்டாரியோவில் சட்டப்படி விடுமுறை, பக்கத்துக் கியூபெக்கில் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் அதற்கு ‘நல்லெண்ண நாள்’ என்று பெயர். ஜெர்மனியில் அது வெறுமனே ‘இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள்’.

எனக்குப் பிடித்தது பஹாமாஸ். அடிமைகளுக்குக் கிறிஸ்துமஸை ஒட்டிக் கிடைத்த ஒன்றிரண்டு ஓய்வு நாள்களில் வளர்ந்தது ‘ஜங்கனூ’ என்ற ஊர்வலம். இன்றும் 26-ஆம் தேதி விடிவதற்கு முன்பே, ஆட்டுத்தோல் முரசும் மாட்டுமணியும் அதிர, வண்ணக் காகிதத்தால் செய்த பிரம்மாண்ட உடைகளோடு நசாவ் தெருக்களில் இறங்குகிறார்கள்.

26 ஞாயிற்றுக்கிழமை வந்தால் விடுமுறை போய்விடுமா?

போகாது, பிரிட்டனில் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிவிடுவார்கள். 2020-இல் 26 சனிக்கிழமை வந்தது. 28 திங்கள் விடுமுறை. 2021-இல் கிறிஸ்துமஸ் சனி, பாக்சிங் டே ஞாயிறு. ஆகவே 27, 28 இரண்டு நாளும் விடுமுறை. 2022-இல் நிலைமை வேடிக்கையானது. கிறிஸ்துமஸ் ஞாயிறு, பாக்சிங் டே திங்கள். கிறிஸ்துமஸுக்கான மாற்று விடுமுறை செவ்வாய்க்குப் போய்விட்டது. அதாவது மறுநாள் முதலிலும், முந்தின நாள் பின்னாலும் வந்தன.

மாமா, மெல்போர்ன் டெஸ்ட் எப்போதிலிருந்து இதே நாளில் நடக்கிறது? ஏன் அந்த நாள்?

கிறிஸ்துமஸ் வாரத்தில் மெல்போர்னில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிகள் மோதுவது பழைய வழக்கம். அங்கே டிசம்பர் என்றால் கோடை, பள்ளி விடுமுறை. மைதானம் நிறைய இதைவிட நல்ல நாள் ஏது? டெஸ்ட் ஆட்டம் பாக்சிங் டேயைத் தொட்டது 1950-இல். 26-ஆம் தேதியே தொடங்கியது 1968-இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. 1980 முதல் அநேகமாக ஆண்டுதோறும் நடக்கிறது. 1989-இல் மட்டும் டெஸ்டுக்குப் பதில் இலங்கையோடு ஒருநாள் ஆட்டம். 2013-இல் முதல் நாள் மட்டும் 91,000-க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

தமிழர்கள் மறக்காத பாக்சிங் டே 1995. கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் பந்தை விதிப்படி வீசாமல் எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை ‘நோ பால்’ என்று கை நீட்டினார். 55,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்ஜுன ரணதுங்க பந்துவீசும் முனையை மாற்றிக்கொடுத்தார். அன்று தலைகுனிந்து நின்ற இளைஞர் 2010-இல் 800 விக்கெட்டுகளோடு டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

இந்தியாவுக்கு நல்ல காலம் 2018-இல் பிறந்தது. மயங்க் அகர்வால் அறிமுக ஆட்டத்தில் 76 எடுத்தார், பும்ரா ஓர் இன்னிங்ஸில் ஆறு விக்கெட் வீழ்த்தினார், 137 ரன்னில் வெற்றி. மெல்போர்ன் பாக்சிங் டே டெஸ்டில் நமக்கு அதுதான் முதல் வெற்றி. 2020 இன்னும் ருசியானது. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட ஒரு வாரத்தில் ரஹானே தலைமையில் வென்றோம். மெல்போர்னில் காலை பத்தரை என்றால் நமக்கு விடியற்காலை ஐந்து. ஒரு பக்கம் பெருமாள் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, மறுபக்கம் வாசலில் அக்காள் கோலம் போடும் சத்தமில்லாச் சத்தம், நடுக்கூடத்தில் ஒலியைக் குறைத்து வைத்த தொலைக்காட்சியில் அஸ்வின் பந்து வீசிக்கொண்டிருந்தார். மார்கழிக்கும் பாக்சிங் டேக்கும் நம் வீட்டில் சம்பந்தம் ஏற்பட்டது அப்படித்தான்.

இங்கிலாந்தில் அன்றைக்குக் கால்பந்து ஏன் அவ்வளவு முக்கியம்?

தொழிலாளிக்குக் கிடைத்த ஓய்வு நாள் என்பதால். 1860 டிசம்பர் 26 அன்றே ஷெஃபீல்டு அணியும் ஹாலம் அணியும் மோதின. இரு கிளப்புகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டமாக அதைச் சொல்வார்கள். ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நாளிலும் ஆடினார்கள். அது 1965-ஓடு நின்றது. 1920 பாக்சிங் டேயில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டே கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. தடை விலக 1971 ஆயிற்று.

புள்ளிவிவரப் பிரியர்களுக்கு 1963. அப்போதைய உயர்மட்ட லீகான முதல் டிவிஷனில் அன்று பத்து ஆட்டம், 66 கோல். ஃபுல்ஹாம் 10, இப்ஸ்விச் 1. மான்செஸ்டர் யுனைடெட் பர்ன்லியிடம் 6-1 என்று தோற்றது. இரண்டே நாள் கழித்து அதே பர்ன்லியை 5-1 என்று வீழ்த்தியது. இப்ஸ்விச்சும் ஃபுல்ஹாமை 4-2 என்று பழிதீர்த்தது. கிறிஸ்துமஸ் விருந்து யார் வயிற்றில் எவ்வளவு இருந்ததோ!

நரி வேட்டை இன்னும் நடக்கிறதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவி நரியைக் கொல்வதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் சிவப்பு அங்கியும் குதிரையும் நாய்க்கூட்டமுமாகப் பாக்சிங் டேயில் ஊர்ச் சதுக்கத்தில் கூடும் வழக்கம் தடைக்குப் பிறகும் விடவில்லை. நரியின் வாசனை தடவிய துணியைத் தொடர்ந்து ஓடுகிறோம் என்றார்கள்; எதிர்ப்பாளர்கள் அதை நம்பவில்லை.

அன்றைக்கு என்ன சமைப்பார்கள்?

சமைக்காமல் இருப்பதுதான் அன்றைய சமையல். முந்தின நாள் வான்கோழி, பன்றி இறைச்சி எல்லாம் குளிர்ந்தபடி மேசைக்கு வரும். மிஞ்சிய உருளைக்கிழங்கையும் கோசையும் பிசைந்து வாணலியில் வறுத்தால் ‘பபிள் அண்ட் ஸ்க்வீக்’. கொப்பளித்துக் கீச்சிடும் ஓசையால் வந்த பெயர். கல்யாண வீட்டில் மறுநாள் எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிச் சுண்ட வைப்போமே, அந்தப் பழங்கறிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

மிஞ்சிய வான்கோழியில் கறி வைப்பதும் அங்கே வீட்டு வழக்கம் ஆகிவிட்டது. மேலே சொன்ன மூதாட்டி ஒரு பாக்சிங் டேயில் தட்டு நிறைய அதைக் கொண்டுவந்து, “உங்கள் ஊர்ச் சாப்பாடு” என்று நீட்டினார். உலர்ந்த திராட்சை, ஆப்பிள் துண்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி. எங்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாது என்று சொல்ல மனம் வரவில்லை. முழுவதும் சாப்பிட்டேன்.

தம்பி, 26 காலையில் லண்டனில் இறங்குகிறோம். மகள் வீடு பர்மிங்காமில். ரயில் இருக்கும் அல்லவா?

பெரியப்பா, டிக்கெட்டை மாற்றுங்கள். 25-ஆம் தேதி பிரிட்டனில் ரயில் கிடையாது, லண்டனில் பஸ்ஸும் பாதாள ரயிலும் ஓடாது. 26-இல் லண்டனுக்குள் பஸ்ஸும் பாதாள ரயிலும் குறைந்த அளவில் ஓடும். ஆனால் நாட்டின் பெரும்பாலான ரயில்கள் அன்றும் ஓய்வில்தான். மாப்பிள்ளை காரோடு வருவதாக இருந்தால் மட்டும் அந்த நாளில் போய் இறங்குங்கள்.

‘ஹேப்பி பாக்சிங் டே’ என்று வாழ்த்தலாமா? தமிழில் என்ன சொல்வது?

வாழ்த்தினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் அதற்கென்று தனி வாழ்த்து கிடையாது, கிறிஸ்துமஸ் வாழ்த்தே அன்றும் ஓடும். தமிழில் ‘பெட்டி நாள்’ என்று மொழிபெயர்த்தால் சவப்பெட்டி நினைவு வருகிறது என்று ஆசிரியை மறுத்துவிட்டார். ‘உண்டியல் நாள்’ என்றால் பொருள் கச்சிதம். ஆனால் செய்தித்தாள் படிப்பவருக்குப் ‘பாக்சிங் டே’ என்றால்தான் புரியும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சுனாமி வந்த நாளை ஏன் வெளிநாட்டுக்காரர்கள் ‘பாக்சிங் டே சுனாமி’ என்கிறார்கள்?

2004 டிசம்பர் 26 என்பதால். அவர்கள் நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு இருந்த பெயர் அது. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரையில் இருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் 30,000-க்கும் மேல். அங்கே அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கிய யாத்திரிகர்கள் காலையில் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நம் கரையோரத்தில் அந்த நாளுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. ஆண்டுதோறும் அன்று காலையில் கடலில் பால் ஊற்றி, பூத் தூவிவிட்டு வருகிறார்கள். கடற்கரைக்காரர் ஒருவரிடம் பேசும்போது ‘பாக்சிங் டே’ என்ற சொல்லை நான் எடுப்பதில்லை.

வேலைக்காரர்களுக்கான விடுமுறை என்கிறீர்கள். ஆனால் அன்றைக்குத்தானே கடைகளில் பெரிய தள்ளுபடி? அந்தக் கடையில் நிற்பவர்களுக்கு யார் லீவு கொடுப்பது?

எல்லாக் கேள்விகளிலும் கூர்மையானது இதுதான். கேட்டது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 26-க்கு அப்படித் தடை இல்லை. அது மட்டுமில்லை, பேங்க் ஹாலிடேயில் விடுமுறை தந்தே ஆக வேண்டும் என்றோ, வேலை வாங்கினால் கூடுதல் கூலி தர வேண்டும் என்றோ பிரிட்டனில் பொதுச் சட்டம் கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. லப்பக் மூடச் சொன்னது வங்கிகளை. கடைகள் அப்போது ஊரோடு ஒத்து மூடின, இப்போது ஊரோடு ஒத்துத் திறக்கின்றன.

என் முதல் ஆண்டில் ஒரு துணிக்கடையில்தான் வேலை. 26 அன்று காலை நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். பஸ் கிடையாது; உறைபனியில் ஐம்பது நிமிடம் நடந்தேன். ஐந்தரைக்கே வாசலில் வரிசை நின்றது, சிலர் கையில் போர்வை, தேநீர்க் குடுவை. ஆறுக்குக் கதவு திறந்தது. மதியம் இரண்டுக்கு வேலை முடிந்து புறப்படும்போது மேற்பார்வையாளர் ஆளுக்கு ஓர் அட்டைப் பெட்டி கொடுத்தார். உள்ளே ஆறு பழப் பணியாரம், மேலே பாதி விலை என்று சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. நடந்துகொண்டே இரண்டைத் தின்றேன். மீதியைப் பக்கத்து வீட்டு மூதாட்டிக்குக் கொடுத்தேன்.